வீட்டுச் சாப்பாடு மட்டுமே சாப்பிட்டவருக்கு ஏன் மாரடைப்பு வந்தது?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கேள்வி எண்ணெயைப் பற்றியது. தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட்டுச் செக்கு நல்லெண்ணெய்க்கு மாறலாமா, முட்டையின் மஞ்சள் கருவை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் உங்கள் மனதில் இருப்பது வேறு என்று தெரிகிறது. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்திருக்கிறார். அவர் புகைத்ததில்லை, குடித்ததில்லை, ஓட்டலில் சாப்பிட்டதுகூட அபூர்வம். உங்களுக்கு இப்போது 41 வயது. ரிப்போர்ட்டில் எல்டிஎல் ('கெட்ட' கொலஸ்ட்ரால்) 138, எச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்) 34, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் சுற்றும் இன்னொரு வகைக் கொழுப்பு) 245, மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1, பிரஷர் 136/88, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். வீட்டில் சமைத்ததை மட்டுமே சாப்பிட்ட மனிதருக்கு ஏன் இப்படி ஆயிற்று, எனக்கும் ஆகாமல் இருக்கத் தட்டில் எதை மாற்ற வேண்டும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன். எண்ணெயும் முட்டையும் இடையில் வரும்.

நான் மருத்துவர் அல்ல. இதய நோய்ப் பிரிவில் பல வருடங்களாக உணவியல் நிபுணராக வேலை செய்கிறேன். அதனால் மாத்திரை வேண்டுமா, எந்த அளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சாப்பாட்டைப் பற்றி என்னால் கொஞ்சம் உறுதியாகவே பேச முடியும். அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து வார்டில் படுத்திருப்பவர்களிடம் "தினமும் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலானோர் சொல்வது உங்கள் வீட்டுச் சாப்பாட்டைத்தான். காலையில் ஐந்து இட்லி அல்லது நான்கு தோசை. பதினொரு மணிக்கு டீயும் வடையும். மதியம் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சாதம். ஓரமாக ஒரு கரண்டி பொரியல், அப்பளம், ஊறுகாய். மாலையில் டீ, பிஸ்கட். இரவு ஒன்பதரைக்கு மறுபடியும் தோசை. இதில் யாரும் 'கெட்டது' என்று விரல் நீட்டும் பொருள் எதுவும் இல்லை. அதனால்தான் குடும்பத்தினர் திகைத்துப் போகிறார்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்டிஎல் கொழுப்புத் துகள்கள் மாரடைப்புக்குக் காரணம். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்ற அளவில் இல்லை, நேரடிக் காரணமே அதுதான். அவை ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கி, அங்கே அழற்சியை உண்டாக்கி, வருடக்கணக்கில் படிவாக வளர்கின்றன. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக இருக்கும் குழந்தைகளில் சிலருக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வருவதும், அதன் பின்னணியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்ததும், ஸ்டாட்டின் மாத்திரையால் எல்டிஎல்லைக் குறைத்த பெரிய சோதனைகளில் மாரடைப்பும் குறைந்ததும் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. எல்டிஎல் ஏறத்தாழ 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைகின்றன. "கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகளின் கட்டுக்கதை" என்று வரும் வீடியோக்களை நம்பி இந்த இடத்தில் தயங்காதீர்கள்.

சாப்பாட்டில் எல்டிஎல்லை ஏற்றுபவை முக்கியமாக இரண்டு: நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது), டிரான்ஸ் கொழுப்பு. டிரான்ஸ் கொழுப்பு என்பது பழைய டால்டா வகை. எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும் என்று 1990-ல் நெதர்லாந்தில் காட்டினார்கள். அதற்காகப் பேச ஒரு நல்ல வார்த்தைகூட யாரிடமும் இல்லை. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பெரிய கம்பெனிப் பொட்டலங்களில் இது ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது. தெருமுனை பேக்கரியின் பப்ஸிலும் கிரீம் பன்னிலும் எந்தக் கொழுப்பு போடுகிறார்கள் என்பதை நீங்களும் நானும் பார்க்க முடியாது. அவற்றை மாதத்துக்கு ஒன்று இரண்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி உலகத்துக்குப் புரியவைத்த ஊர் ஒன்று உண்டு. பின்லாந்தின் கிழக்கில் இருக்கும் வடக்கு கரேலியா. 1970 வாக்கில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் இறப்பது அங்கே உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. மரம் வெட்டுபவர்கள், விவசாயிகள், நாள் முழுக்க உடலால் உழைப்பவர்கள். அவர்களும் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட்டார்கள். ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், உப்பு நிறைய. காய்கறி என்பது மாட்டுக்குப் போடும் தீவனம் என்ற எண்ணம். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. மருத்துவமனைக்குள் உட்கார்ந்துகொள்ளாமல் ஊர்ப் பெண்கள் சங்கங்களுடன் சேர்ந்து சமையலை மாற்றினார்கள். வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், உப்பைக் குறைத்த தொத்திறைச்சி, பண்ணையாளர்கள் பழப்பயிருக்கு மாற உதவி என்று வேலை நடந்தது. நாற்பது வருடங்களில் வேலை செய்யும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. புகைப்பழக்கமும் குறைந்தது, பிரஷர் வைத்தியமும் மேம்பட்டது, பின்லாந்து முழுக்கவே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. ஆகவே மொத்தப் பெருமையும் சாப்பாட்டுக்கே சேரும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் குறைவில் பெரும்பங்கு கொலஸ்ட்ரால் இறங்கியதால் வந்தது என்பதைப் பல கணக்கீடுகள் காட்டின.

உங்கள் ரிப்போர்ட் கரேலியாக்காரருடையது அல்ல என்பதுதான் இங்கே முக்கியம். அவர்களுக்கு எல்டிஎல் மிக உயரம். உங்களுக்கு அது நடுத்தரம். ட்ரைகிளிசரைடு உயரம், எச்டிஎல் தாழ்வு, சர்க்கரை எல்லைக்கோட்டில், வயிற்றில் சதை. என் மேசைக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது (பாதிப் பேருக்கு அதற்கு முன், பாதிப் பேருக்கு அதற்குப் பின்) 53 என்றும், மற்ற நாட்டவர்க்குக் கிட்டத்தட்ட 59 என்றும் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. உங்கள் அப்பாவின் வயதை நினைத்துப் பாருங்கள். இந்த வடிவத்துக்குப் பின்னால் எண்ணெயைவிடப் பெரிய பங்கு, மூன்று வேளையும் தட்டை நிரப்பும் வெள்ளை அரிசிக்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

அது எப்படி நடக்கிறது என்றால், தீட்டிய அரிசிச் சாதம் வேகமாகச் செரித்து ரத்தத்தில் குளுக்கோஸாக வந்துவிடுகிறது. உட்கார்ந்தே வேலை பார்க்கும் உடம்பின் தசைகள் அவ்வளவையும் செலவழிப்பதில்லை. மிச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றி ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்புகிறது, ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதி வருவது அதுதான். ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்கள் ரத்தத்தில் சுற்றும்போது எச்டிஎல் குறைகிறது, எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் கூடுகின்றன. அதனால் 138 என்ற எண் பார்க்க அவ்வளவு பயமாக இல்லாவிட்டாலும், அதற்குள் இருக்கும் துகள்கள் அதிகமாக இருக்கலாம். மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள். உங்கள் மொத்தம் 221, கழித்தால் 187. உங்களைப் போன்றவர்களுக்கு எல்டிஎல்லைவிட இந்த எண்ணே நிலைமையைச் சரியாகக் காட்டும்.

சென்னையில் நடந்த நீண்ட ஆய்வொன்றில், நகரவாசிகளின் ஒரு நாள் ஆற்றலில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. 21 நாடுகளில் 1,32,000-க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2020-ல் வெளியானது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல், அதாவது சுமார் மூன்று கப், வெந்த வெள்ளைச் சாதம் சாப்பிட்ட தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 61 சதவீதம் அதிகம். சர்க்கரை நோய் வந்தால் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள், சோதனைகள் அல்ல. நிறைய அரிசி சாப்பிடுபவர் காய்கறி வாங்க வசதியில்லாதவராகவும் இருக்கலாம், அந்தக் கலப்பை முழுசாகப் பிரிக்க முடியாது. ஆனால் உடலுக்குள் நடக்கும் வேலை தெளிவாகத் தெரிவதாலும், அரிசியைக் குறைத்தவர்களின் ட்ரைகிளிசரைடு மூன்று மாதத்தில் இறங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலும் எனக்கு இதில் பெரிய தயக்கம் இல்லை.

"ஜப்பான்காரனும் வெள்ளைச் சாதம்தானே சாப்பிடுகிறான்?" என்று உங்களுக்கும் தோன்றும், எல்லோரும் கேட்பார்கள். அவர்கள் கிண்ணம் சின்னது. கூடவே மீனும் சோயாவும் காயும் உண்டு. உடல் பருமன் குறைவு, நடை அதிகம். அதே ஜப்பானில் உப்பு மிகுந்த ஊறுகாயும் சோயா சாஸும் பக்கவாதத்தை ஒரு காலத்தில் முதல் எமனாக வைத்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரிசியைப் பற்றிப் பேசும்போது யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை ஒழித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வயிற்றை நிரப்ப மலிவான பொருள் அது, பருப்பும் காயும் மீனும் விலை கூடியவை. அதனால் நான் யாரிடமும் சாதத்தை நிறுத்தச் சொல்வதில்லை, விகிதத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2024 வழிகாட்டுதல், 2000 கலோரி தேவைப்படுபவருக்கு ஒரு நாளைக்குச் சமைக்காத எடையில் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், எண்ணெய் 27 கிராம் என்கிறது. உங்கள் தட்டில் தானியம் அதைவிட அதிகம். பருப்போ சாம்பாரில் கரைந்த இரண்டு கரண்டி, காயோ ஒரு கைப்பிடி. மதியம் மூன்று தடவை போடும் சாதத்தை ஒன்றரைத் தடவையாக்குங்கள். காலியான இடத்தில் கூட்டு, பொரியல், சுண்டல் என்று வையுங்கள். ஒரு கரண்டிப் பொரியல் மூன்று கரண்டியாக வேண்டும். ரசத்தைக் குடிக்கலாம், மோரையும் குடிக்கலாம், இரண்டுக்கும் சாதம் கட்டாயமில்லை. காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் மூன்று, கூடவே ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பும் காயும் தெரியும்படி இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் பச்சைப்பயறு தோசை, அடை என்று மாற்றிக்கொள்ளலாம்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. சாமை, வரகு, கம்பு எல்லாம் நல்லவைதான், நார்ச்சத்து கூடுதல். ஆனால் தீட்டிய சாமையை அரிசி அளவிலேயே குவித்துச் சாப்பிட்டால் லாபம் கொஞ்சம்தான். கேழ்வரகை மாவாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும், களியாகவோ அடையாகவோ கீரை போட்டுச் சாப்பிடுவது மேல். பழுப்பு அரிசியை வைத்துச் சென்னையில் நடந்த ஒரு சிறிய சோதனையில் நாள் முழுக்கச் சர்க்கரை ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பிடித்திருந்தால் சாப்பிடுங்கள், பிடிக்காவிட்டால் அளவைக் குறைத்த புழுங்கலரிசியே போதும்.

இந்தத் துறையில் மக்கள் அதிகம் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளைத் தட்டிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால், அந்த இடத்தில் என்ன வருகிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு நல்லெண்ணெய், கடலை, மீன் இவற்றிலுள்ள நிறைவுறாத கொழுப்பை வைத்தால் இதயத்துக்கு லாபம். அதே கொழுப்பை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு தோசையும் ரஸ்க்கும் வைத்தால் லாபம் எதுவும் இல்லை. முட்டையை நிறுத்திவிட்டு நான்கு மேரி பிஸ்கட் சாப்பிடும் நோயாளிகளை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். அவர்கள் தியாகம் செய்ததாக நினைக்கிறார்கள், ட்ரைகிளிசரைடோ ஏறிக்கொண்டு போகிறது.

உப்புக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் அரிசிக்கு அடுத்து மாற வேண்டியது இதுதான். உப்பு பிரஷரை ஏற்றும், பிரஷர் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கொண்டுவரும். இந்தச் சங்கிலியில் சந்தேகத்துக்கு இடமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் முதல் 11 கிராம் வரை சாப்பிடுவதாக வெவ்வேறு கணக்கெடுப்புகள் சொல்கின்றன. மேலை நாடுகளில் உப்பு பெரும்பாலும் பாக்கெட் உணவில் ஒளிந்திருக்கிறது. நம் வீட்டில் அது அடுப்படியில் நம் கையால் விழுகிறது. இட்லி மாவில், சட்னியில், சாம்பாரில், ரசத்தில், பொரியலில், மோரில், அப்புறம் ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு. நம் கையில் இருப்பதால் குறைப்பதும் எளிது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராமுக்கு மேல் உப்பு சமையலில் தீர்ந்தால் அளவு தாண்டுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஊறுகாயும் கடைப் பண்டமும் அதற்கு மேல். ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புளி, எலுமிச்சை, மிளகு, சீரகத்தைக் கூட்டினால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இந்துப்பு, கல்லுப்பு என்று மாறுவதால் எதுவும் நடக்காது, எல்லாமே சோடியம் குளோரைடுதான்.

உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிய ஒரு பெரிய சோதனை சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளிவந்தது. ஏறத்தாழ 21,000 பேர், ஐந்து வருடம். பக்கவாதம் 14 சதவீதமும் மொத்த மரணம் 12 சதவீதமும் குறைந்தன. சாப்பாட்டு ஆய்வுகளில் இவ்வளவு சுத்தமான முடிவு அபூர்வம். குறைந்த சோடியம் உப்பு என்று இப்போது நம் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியதே. வீட்டில் எல்லோரும் ஒரே குழம்பைச் சாப்பிடுவதால், அம்மா என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

சரி, எண்ணெய். எந்த எண்ணெய் என்பதற்கு முன் எவ்வளவு என்று பாருங்கள். நான்கு பேருக்கு மாதம் 5 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 38 கிராம், அதாவது 340 கலோரி, எண்ணெயிலிருந்து மட்டும். வடை, பஜ்ஜி வெளியே சாப்பிடுவது தனி. மூன்றரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள், மாத ஆரம்பத்தில் அளந்து வாங்கி அதற்குள் சமைப்பதே எளிய வழி. வகையைப் பொறுத்தவரை தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, நெய்யில் 60-க்கு மேல், ரேஷனிலும் ஓட்டலிலும் புழங்கும் பாமாயிலில் பாதி, கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 வாக்கில், சூரியகாந்தியில் இன்னும் குறைவு. செக்கில் ஆட்டினாலும் ரீஃபைன் செய்தாலும் இந்த விகிதம் மாறாது. மணமும் சில நுண்சத்துகளும் செக்கெண்ணெயில் கூடுதலாக இருக்கலாம், அதை இதயத்துக்கான மருந்தாக நினைக்க ஆதாரம் இல்லை. உங்களுக்கு என் யோசனை, நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாற்றி மாற்றி. தாளிக்க ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் என்றைக்கோ ஒருநாள் போட்டால் குடி முழுகாது.

இனிச் சந்தேகமான பகுதி. தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி ஏற்றுகிறது என்பதைப் பல சோதனைகளைத் தொகுத்த 2020 ஆய்வு காட்டியது. அது எச்டிஎல்லையும் கொஞ்சம் ஏற்றுகிறது. ஆனால் அது நேரடியாக மாரடைப்பைக் கூட்டுகிறதா என்று பார்த்த பெரிய சோதனை கிடையாது. கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரை இரண்டு வருடம் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று பிரித்துப் பார்த்தபோது கொழுப்பு அளவுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், எண்ணிக்கையும் சிறியது. எனவே அதை வைத்துத் தேங்காய் எண்ணெயை விடுதலை செய்ய முடியாது, விஷம் என்று சொல்லவும் முடியாது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்த சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2020 அறிக்கையும் இதே மாதிரிதான். இதய நிகழ்வுகள் ஆறில் ஒரு பங்கு குறைந்தன, ஆனால் மொத்த மரணத்தில் தெளிவான மாற்றம் இல்லை. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த, ஆலிவ் எண்ணெயும் பருப்புக் கொட்டைகளும் கொடுத்த புகழ்பெற்ற சோதனையில்கூட, ஆட்களைப் பிரித்த விதத்தில் குறை கண்டுபிடிக்கப்பட்டு 2018-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்று மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். முடிவு ஏறத்தாழ அதேதான் வந்தது, ஆனால் முன்பிருந்த உறுதி கொஞ்சம் குறைந்தது. மனிதர்களை வருடக்கணக்கில் ஒரே சாப்பாட்டில் கட்டிப்போட முடியாது என்பதால் இந்தத் துறையில் இப்படியான மங்கல் இருந்துகொண்டேதான் இருக்கும்.

முட்டை: நாளுக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. சர்க்கரை நோயாளிகளில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. உங்கள் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் வாரத்துக்கு நான்கைந்து முழு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசைக்குப் பதில் முட்டை என்றால் அது நல்ல மாற்றம். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி வாரம் இரண்டு தடவை குழம்பாக வையுங்கள், பொரிக்காமல். விலையும் குறைவு, ஒமேகா-3 கொழுப்பு நிறைய. மீன் எண்ணெய் மாத்திரை வேண்டாம். கிட்டத்தட்ட 26,000 பேரிடம் நடந்து 2018-ல் முடிவு வந்த சோதனையில், ஆரோக்கியமானவர்களின் இதய நிகழ்வுகளை அது குறிப்பிடும்படி குறைக்கவில்லை.

டீயைக் கவனியுங்கள். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 35 கிராம் வாக்கில் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை என்று மாறினால் ட்ரைகிளிசரைடுக்கு வித்தியாசம் தெரியாது. இரவு ஒன்பதரைக்குச் சாப்பிடுவது கெடுதலா என்பதில் வலுவான சோதனைகள் இல்லை, கவனித்துப் பார்த்த ஆய்வுகள் முன்னதாகச் சாப்பிடுவது மேல் என்கின்றன. முடிந்தால் எட்டு மணிக்குச் சாப்பிடுங்கள், முடியாவிட்டால் அளவையாவது குறையுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் கலந்த சாறு ரத்தக் குழாயில் உள்ள அடைப்பை, அதாவது பிளாக்கைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கரைக்காது. குடிப்பதால் மட்டும் பெரிய கெடுதல் இல்லை. அதை நம்பி, ஸ்டென்ட் வைத்தபின் கொடுத்த ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தியவர்கள் திரும்ப எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். சிலர் வந்து சேர்வதே இல்லை. உங்கள் சொந்தத்தில் யாராவது அந்தச் சாற்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தால் தயவுசெய்து முதலில் "மாத்திரை போடுகிறீர்களா?" என்று கேளுங்கள்.

சாப்பாட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். கவனமான உணவு மாற்றத்தால் எல்டிஎல் நடைமுறையில் 10 முதல் 15 சதவீதம் இறங்கும், ஸ்டாட்டின் 30 முதல் 50 சதவீதம் இறக்கும். ட்ரைகிளிசரைடிலும் பிரஷரிலும் சர்க்கரையிலும் சாப்பாட்டின் கை இன்னும் நீளம். லைப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு துகள் உண்டு. அது பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகிறது, எந்தச் சாப்பாட்டுக்கும் அசையாது, தெற்காசியர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு அதிகமாக இருக்கிறது. உங்கள் அப்பாவின் இதயத்தில் அது வேலை செய்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அவர் சாப்பிட்டதுதான் அவரைக் கொண்டுபோனது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சமைத்துப் போட்ட அம்மாவும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டாம். மரபு வழியில் அபாயம் அதிகமாக உள்ளவர்களை வைத்து 2016-ல் வந்த ஓர் ஆய்வில், புகைக்காமல், எடையைக் கட்டுக்குள் வைத்து, உடற்பயிற்சியும் நல்ல சாப்பாடுமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு கிட்டத்தட்ட பாதியாக இருந்தது. அதில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. திசை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. லைப்போபுரோட்டீன் ஏ பரிசோதனையை ஒரு தடவை எடுத்துவிடுங்கள், வாழ்நாளில் ஒரு முறை போதும். அப்பா 55 வயதுக்கு முன் இறந்திருப்பதால் உங்கள் மருத்துவர் இப்போதே ஸ்டாட்டின் தொடங்கலாம் என்று சொன்னால், "முதலில் சாப்பாட்டில் முயற்சி செய்கிறேன்" என்று தள்ளிப்போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். அவர் காத்திருக்கலாம் என்று சொன்னால், மேலே சொன்ன சாதம், உப்பு, எண்ணெய், டீ நான்கையும் மாற்றி, சாப்பிட்டபின் இருபது நிமிடம் நடந்து, மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் கொடுங்கள். ட்ரைகிளிசரைடு 150-ஐ நெருங்கி, எல்டிஎல் மட்டும் அசையாமல் நின்றால், சாப்பாட்டால் ஆகக்கூடியது ஆகிவிட்டது என்று அர்த்தம், மாத்திரைக்குத் தயங்க வேண்டாம். உங்களுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களையும் இதே பரிசோதனைக்கு அனுப்புங்கள், அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.